கணக்குப்பிள்ளையின் தூக்கம்

இந்த வாரம் எனக்குக் கோபம் வந்தது ஓர் இ-சேவை மையத்தில். தர்மபுரி மாவட்டத்தில், தீர்த்தமலை அடிவாரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பயிர்க்கடனுக்காக அக்காவுக்குச் சிட்டா நகல் வேண்டியிருந்தது. அவருக்கு முழங்கால் வலி, அதனால் நான் போனேன். எனக்கு முன்னால் முதியோர் உதவித்தொகைக்கு வந்த பாட்டி, கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று கேட்டு வந்த பையன், வாரிசுச் சான்றுக்கு அலைகிற ஒரு குடும்பம். “சர்வர் கிடைக்கலைங்க, மத்தியானமா வந்து பாருங்க” என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். உடனே ஒருவர் மேசையில் ஓங்கித் தட்டி, “இதையே எத்தனை நாளைக்குச் சொல்வீங்க? வேலை செய்ய இஷ்டமில்லன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே” என்று கத்தினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து அவள் கேட்ட பேச்சு அது ஒன்றாக மட்டும் இருக்காது என்பது முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்ததும் அந்த மனிதரிடம் பேசினேன். அவரும் பாவம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். “அந்தப் பொண்ணு என்னங்க பண்ணும்?” என்று கேட்டேன். “அப்ப யாருங்க பண்றது?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. சிட்டா மறுநாள் வந்தது, கடன் மனுவும் போனது. அந்தச் சங்கதி அத்தோடு முடிந்தது. கேள்வி மட்டும் என்னோடு பஸ் ஏறிவிட்டது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மன்றோவின்மீது எனக்குள்ள பிடிப்பு தெரியும். போதும் என்று எழுதியவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் தேட அவரிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது, இன்னும் ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. வரி வசூலிக்க அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாக வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர்தான் தாமஸ் மன்றோ. 1799 வரை தர்மபுரி வட்டாரத்தில் கூடாரமும் குதிரையுமாகத் திரிந்தார். காட்டுக்குக் காடு, வயலுக்கு வயல் அளந்து, யார் உழுகிறார், எவ்வளவு விளைகிறது, என்ன வரி என்று எழுதினார்கள். பிற்பாடு சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய, பயிரிடுகிறவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே, இந்தச் செம்மண்ணில்தான் பழகிப் பார்க்கப்பட்டது. பாரமகால் ஆவணங்கள் என்ற பெயரில் அந்தக் கடிதங்களும் கணக்குகளும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தொகுதி தொகுதியாக அச்சாயின. எனக்குப் பிடித்த புத்தகம் எது என்று யார் கேட்டாலும் நாவல் பெயரைச் சொல்லாமல் அந்தத் தொகுதிகளைச் சொல்பவன் நான். ஊர், கிணறு, ஏர், மாடு, தறி என்று மனிதர்கள் வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அதில் பட்டியலாகக் கிடக்கிறது.

ஆனால் மன்றோவுக்கும் ரீடுக்கும் அந்த எண்களை எடுத்துக் கொடுத்தவர் யார்? ஊருக்கு ஊர் இருந்த கணக்குப்பிள்ளை. கர்ணம் என்றும் சொல்வார்கள். அவர் வீட்டுப் பெட்டியில்தான் கிராமத்தின் நிலம் முழுக்க இருந்தது. அவர் நல்லவராக இருந்தால் ஊர் பிழைத்தது. கெட்டவராக இருந்தால் ஏழையின் கால் காணி ஒரே இரவில் வேறொருவர் பேருக்குப் போனது. பரம்பரையாக வந்த அந்தப் பதவியை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர் 14 அன்று ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அரசு செய்தது செல்லும் என்று 1982இல் தீர்ப்பானது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். எனக்கு அதில் இன்றும் மகிழ்ச்சிதான். பெட்டியை ஒரு குடும்பத்தின் கையிலிருந்து வாங்கியது நல்ல காரியம்.

அதே காலத்தில் நடந்த இன்னொன்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. எந்த நிலத் தகராறை எடுத்தாலும் “யுடிஆர்ல தப்பாயிடுச்சுங்க” என்று ஆரம்பிப்பார்கள். நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் 1979 முதல் 1987 வரை நடந்த வேலை அது. பழைய பதிவேடுகளைப் புதுப்பித்து எழுதினார்கள். அப்போது யாரோ ஓர் ஊழியர் அசதியில் ஒரு புல எண்ணைப் பக்கத்து வரியில் எழுதியிருப்பார். எழுதியவர் ஓய்வு பெற்றுக் காலமும் ஆகியிருக்கலாம். பேரன் இன்னும் தாலுகா ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறான். பதிவேடு எழுதுகிறவர் களைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாற்பது ஆண்டுச் சாட்சி எங்கள் வட்டாரத்தில் நடமாடுகிறது.

இப்போது பெட்டி கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. நிலம் மட்டுமா? ரேஷன், வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பரீட்சை மதிப்பெண், பஸ் டிக்கெட், எல்லாமே ஏதோ ஒரு டேட்டாபேஸில் வரிவரியாக இருக்கிறது. அந்தப் பெட்டிக்குக் காவலாக இருக்கிறவருக்கு டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர், சுருக்கமாக டிபிஏ. இன்றைய கணக்குப்பிள்ளை அவர்தான். பழைய கணக்குப்பிள்ளையை ஊரே அறியும், பயப்படும், சபிக்கும். இவரை யாருக்கும் தெரியாது.

எனக்கு ஒருவரைத் தெரியும். அக்காவின் மகள். பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் டிபிஏ. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு மாதத்தில் பெரும்பகுதி வீட்டிலிருந்தே வேலை. முன்பு புளி மூட்டை அடுக்கியிருந்த அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மானிட்டர், ஒரு இன்வெர்ட்டர், ஃபைபர் இணைப்பு ஒன்று, அது போனால் மாற்றிக்கொள்ள வேறு கம்பெனி சிம் போட்ட போன் ஒன்று. சுவரில் தீர்த்தகிரீஸ்வரர் காலண்டர்.

இ-சேவை மையத்துக்குப் போய்வந்த அன்று இரவு நான் அந்த அறைக்கு வெளியே திண்ணையில் படுத்திருந்தேன். மூன்று மணி இருக்கும், போன் அலறியது. சாதாரண ரிங்டோன் இல்லை, தூக்கத்தில் இருப்பவரை உலுக்கி எழுப்புவதற்கென்றே வைத்துக்கொண்ட சத்தம். ஐந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் அழைப்பு அவளுடைய மேலாளருக்குப் போகுமாம். எழுந்து, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள்.

என்ன நடந்தது என்று காலையில் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் நேரே பேரேட்டில் ஏற்றுவதில்லை. மளிகைக் கடைக்காரர் முதலில் நாள்வழியில் எழுதிக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவாரே, அப்படி முதலில் லாக் என்ற நாள்வழியில் எழுதும். ஆரக்கிள் மாதிரியான டேட்டாபேஸில் அந்த லாக்குகளைப் பிரதி எடுத்துச் சேர்த்து வைக்க ஓர் இடம் ஒதுக்குவார்கள். அந்த இடம் நிரம்பிவிட்டால் டேட்டாபேஸ் புதிதாக ஒன்றையும் எழுதாமல் அப்படியே நின்றுவிடும். பகலில் யாரோ ஒரு குழுவினர் பெரிய கணக்கு ஒன்றை ஓடவிட்டுப் போய்விட்டார்கள், லாக் வழக்கத்தைவிடப் பல மடங்கு வளர்ந்துவிட்டது. எது ஏற்கெனவே பத்திரமாகப் பிரதி ஆகிவிட்டது, எதைத் தொடக்கூடாது என்று பிரித்துப் பார்த்து இடத்தை விடுவிக்க வேண்டும். அவசரத்தில் தேவையானதை அழித்துவிட்டால், பிறகு ஒரு விபத்து நடக்கும்போது மீட்க வழியே இருக்காது.

அவள் வேலை செய்த விதத்தைக் கதவு இடுக்கில் பார்த்தேன். கட்டளையை நேரே அடிக்கவில்லை. முதலில் ஒரு நோட்பேடில் எழுதினாள். எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு தான் எந்த சர்வருக்குள் இருக்கிறோம் என்று அதன் பெயரைக் கேட்டு, வந்த பெயரையும் வாய்விட்டுப் படித்தாள். நிஜமான சர்வரின் ஜன்னலுக்குச் சிவப்புப் பின்னணி வைத்திருக்கிறாள், சோதனை சர்வருக்குப் பச்சை. காதில் ஒரு கூட்டு அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அதில் சில பேர் “எப்ப முடியும், எப்ப முடியும்” என்று மாறி மாறிக் கேட்டபடி இருந்தார்கள். “பார்த்துட்டிருக்கேன் சார்” என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். விடிகிற நேரத்தில் முடிந்தது. பத்து மணிக்கு மறுபடி கூட்டம். எதனால் இப்படி ஆனது என்று அவளே அறிக்கை தர வேண்டும்.

“தூங்கி எழுந்து குடுக்கக் கூடாதா பாப்பா?” என்றேன்.

“க்ளையன்ட் பதினோரு மணிக்குக் கேப்பாங்க மாமா.”

அந்த நாள்வழி முறையைப் பற்றிச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அதன் முழு இலக்கணத்தையும் வகுத்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். பெயர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, சென்னை ஐஐடியில் 1977இல் படிப்பை முடித்து, டெக்ஸாஸில் முனைவர் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1992இல் அவரும் உடன் பணியாற்றிய நான்கு பேரும் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறையைத்தான் டேட்டாபேஸ் பாடப் புத்தகங்கள் இன்றும் சொல்லிக்கொடுக்கின்றன. மின்சாரம் போய்த் திரும்பினாலும், இயந்திரம் பாதியில் விழுந்தாலும், டேட்டாபேஸ் முதலில் லாக்கைப் படித்து எங்கே விழுந்தோம் என்று பார்க்கும். பிறகு நடந்தது அத்தனையையும் அதே வரிசையில் மறுபடி நடத்தும். முடியாமல் தொங்கியவற்றைக் கடைசியில் விலக்கும். நீங்கள் ஏடிஎம்மில் பணம் எடுக்கிற நொடியில் எங்கோ ஒரு சர்வர் விழுந்தாலும் உங்கள் கணக்கு குழம்பாமல் இருக்கிறதென்றால் இந்த மாதிரி சிந்தனைதான் காரணம்.

இயந்திரம் எப்போது வேண்டுமானாலும் விழும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, விழுந்தால் எழுவதற்கு இத்தனை அழகாக வழி செய்த துறை அது. அதே துறை, இரவு மூன்று மணிக்கு எழுப்பப்பட்ட மனிதர் தடுமாறுவார் என்பதற்கு ஏன் இடம் வைப்பதில்லை? எனக்கு இதுதான் ஆறவில்லை.

தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த சம்பவம் ஒன்று உண்டு. கிட்லேப் என்ற நிறுவனம், மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் இடம். 2017 ஜனவரி 31 இரவு அங்கே டேட்டாபேஸில் தொந்தரவு. முதன்மை சர்வரிலிருந்து துணை சர்வருக்குப் பிரதி போகாமல் நின்றுவிட்டது. வேலை நேரம் முடிந்தும் உட்கார்ந்திருந்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் இருந்த தரவைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பிரதி எடுக்க நினைத்தார். துடைக்கிற கட்டளையை அடித்தார். ஓரிரு நொடியில் புரிந்தது, தான் இருப்பது முதன்மை சர்வரில். நிறுத்துவதற்குள் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, மாற்றுப் பிரதி இருக்குமே என்று தேடினால், தினசரி பேக்கப் வெகுநாளாகவே ஓடவில்லை. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றுவிட்டது என்று போன மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அந்தப் பொறியாளரே ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு ஒரு சோதனைக்காக எடுத்துவைத்த நகல் ஒன்றுதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. ஆறு மணி நேரத் தரவு போயே போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மதிக்கிறேன். நிறுவனம் ஒளிக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. என்ன நடந்தது என்று விரிவான அறிக்கை எழுதியது. அதில் அந்தப் பொறியாளருக்குப் பெயர் இல்லை, ‘குழு உறுப்பினர் 1’ என்றுதான் இருந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. பேக்கப் ஓடுகிறதா என்று பார்க்கிற பொறுப்பை யாருக்குமே கொடுக்காதது எங்கள் தவறு என்று நிறுவனம் எழுதியது. உலகெங்கும் இருந்த டிபிஏ-க்கள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள், ஏனென்றால் அந்த இரண்டு நொடி அவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் மருமகள் சர்வர் பெயரை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் அந்த அறிக்கையைப் படித்த நாளில் வந்ததாம். மாதம் ஒரு முறை பேக்கப்பை எடுத்து வேறொரு இயந்திரத்தில் ஏற்றி, வரிகளை எண்ணிப் பார்க்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். “பேக்கப் எடுக்கறது பெருசில்ல மாமா, திருப்பி ஏத்திப் பாக்கணும்” என்பாள். அதைச் செய்ய நிறுவனம் அவளுக்குத் தனியாக நேரம் தருவதில்லை. சனிக்கிழமை செய்கிறாள்.

எல்லா இடத்திலும் கதை கிட்லேப் மாதிரி முடிவதில்லை. தென்கொரியாவில் டேஜான் நகரத்து அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 இரவு லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவைத்த 858 டெராபைட் தரவு எரிந்தது. வெளியே அதற்கு மாற்றுப் பிரதி இல்லை. நாடே அரசைத் திட்டிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், மீட்புப் பணியைக் கவனித்துவந்த மூத்த அதிகாரி ஒருவர் செஜோங் அரசுக் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தார். அந்தச் செய்தியை மருமகள்தான் எனக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

உடம்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016இல் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கணக்கிட்டன. 2023இல் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது இதே இடத்தில் அதை எதிர்த்து நான் எழுதியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வரியையும் மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

மருமகளுக்கு இதெல்லாம் போக ஊர் கொடுக்கிற தொந்தரவு வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் பிள்ளை இங்கிலீஷில் ஆண்களோடு பேசுகிறாள் என்று தெருவில் பேச்சு. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு வீட்டார் அதையே காரணமாகச் சொல்லிப் போனார்கள். அக்கா பெரிய படிப்பு படித்தவர் இல்லை. ஆனால் “எம் பொண்ணு டூட்டி பாக்கறா, நர்சு பாக்கலையா? போலீசு பாக்கலையா?” என்று கேட்டு வாயை அடைத்தார். அந்த ஒரு கேள்விக்காக அக்காவை நான் கும்பிடுவேன்.

இன்னொன்று. இரவு பகல் எந்நேரமும் அழைப்பை எடுக்கத் தயாராக இருக்க வேண்டிய ஆன்-கால் வாரத்தில் அவள் மலை ஏறுவதில்லை. தீர்த்தமலையில் பிறந்த பிள்ளை, சிறு வயதில் ஞாயிறுதோறும் படியேறி ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு வந்தவள். பாறையிலிருந்து விழும் அந்தத் தண்ணீருக்காக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். இவளால் முடியாது. பதினைந்து நிமிடத்துக்குள் லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும், மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் எடுக்காது. அவள் குழுவில் மூன்றே பேர். அப்படியானால் மூன்று வாரத்தில் ஒரு வாரம். ஒருவருக்குக் கல்யாணமோ காய்ச்சலோ என்றால் மூன்றில் இரண்டு. கூகிள் பொறியாளர்கள் தங்கள் வேலைமுறையைப் பற்றி 2016இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஓரிடத்தில் இருந்து இரவும் பகலும் பார்க்க வேண்டுமென்றால் குழுவில் குறைந்தது எட்டுப் பேர் இருக்க வேண்டும் என்றும், பன்னிரண்டு மணி நேரக் காவலில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் ஒருவரால் ஒழுங்காகக் கவனிக்க முடியாது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து மருமகள் தன் மேலாளருக்குக் காட்டினாளாம். “நல்ல புத்தகம்” என்றாராம்.

சட்டம் என்ன செய்கிறது? துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. எவ்வளவு எளிய காரியம், எத்தனை கால்கள் அதற்காக வீங்கியிருந்தன! அதே கருணை கணினி முன்னால் விழித்திருப்பவர்களுக்கும் வர வேண்டும். வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இல் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியா 2024இல். இங்கே சுப்ரியா சுலே 2018 இறுதியில் மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு நேரும் கதிதான் அதற்கும் நேர்ந்தது. டிபிஏ-வின் போனை முழுக்க அணைத்துவைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் இரவில் விழுந்தால் யாராவது எழுந்தே ஆக வேண்டும். எழுகிறவருக்கு அதற்கான கூலியும் ஓய்வும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பெங்களூரிலும் சென்னையிலும் இந்தக் குழுக்களை நடத்துகிற மேலாளர்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். இந்தப் பத்தி உங்களில் சிலர் கண்ணிலாவது படும். இரவில் எழுப்பப்பட்டவரை மறுநாள் பகல் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அறிக்கையை அதற்கடுத்த நாள் வாங்கிக்கொள்ளுங்கள், க்ளையன்டிடம் நீங்களே சொல்லுங்கள். கூட்டு அழைப்பில் கேள்வி கேட்க ஒருவரை மட்டும் வைத்து, மற்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்க்கும் வேலைக்கு வார நாளில் அரை நாள் ஒதுக்குங்கள். நாலாவது ஆளை எடுங்கள், பிறகு ஐந்தாவது ஆளை. இதில் ஒன்றையாவது செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், இதே இடத்தில் வெளியிடுகிறேன்.